நாலாம் நம்பரின் கோளாறு

கண்டி டவுனில் இருந்த அந்த இன்சூரன்ஸ் கந்தோரில் ஆறு கம்ப்யூட்டர்கள். எல்லாமே கிழடு. திருத்துவதா, புதிது வாங்குவதா என்று அறிக்கை எழுதும் பொறுப்பு ஜீவனுக்கு வந்தது. பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை இழுத்தெடுத்த நாளிலிருந்து அங்கே நிபுணர் அவன்தான்.

மற்ற ஐந்தைப் பற்றி எழுதிவிட்டான். நாலாம் நம்பரில் பேனா நின்றது. அது டைப் அடிக்கும் கலாராணியுடையது. திறக்கவே இருபது நிமிடம். கடிதமெல்லாம் தாமதமாகிறது என்று மனேஜர் பஸ்தியாம்பிள்ளை அவளைத் தெல்தெனியக் கிளைக்கு அனுப்பப் போகிறார். பன்விலயிலிருந்து வருகிறவளுக்கு அது இன்னும் ஒரு பஸ்.

"எல்லாம் என்னாலதான் தம்பி. சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வச்சேன்ல, குங்குமம் உள்ள போயிருச்சு" என்பாள். தினமும் காற்று ஓட்டையைத் துணியால் துடைப்பாள். துடைக்கும்போது மன்னிப்பும் கேட்பாள், கம்ப்யூட்டரிடம்.

குங்குமம் பாவம். பூசைக்கு மறுநாள் அதிலிருந்த இரண்டு மெமரித் துண்டுகளில் ஒன்றைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டிக்கொண்டவன் ஜீவன். கிரிக்கெட் பார்க்கையில் படம் நின்று நின்று போகிறது என்ற தேசியப் பிரச்சினை. "குங்குமமா இருக்கும் அக்கா" என்று முதலில் சொன்னதும் அவனேதான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் துண்டைத் திரும்ப மாட்டினான். ஒரே நிமிடத்தில் திறந்தது.

கலாராணி கும்பிட்டாள். "சாமி கண்ணத் தொறந்திருச்சு! இந்தாங்க தம்பி, வடை சாப்பிடுங்க."

வடையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்வது கடினம். ஒரு கடி கடித்த பிறகு இன்னும் கடினம். "சாமியில்ல அக்கா..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மூணு மாசமா அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள், அவ்வளவுதான்.

வடையைக் கீழே வைக்காமலே அறிக்கையை முடித்தான்: மெமரி கூட்டினால் ஆறும் இன்னும் சில வருடம் ஓடும். நாலாம் நம்பரின் கோளாறு, ஜீவன்.

பஸ்தியாம்பிள்ளை இரண்டு தடவை வாசித்தார். "தெல்தெனியவுக்கு ஆள் வருதுன்னு சொல்லியாச்சே. இப்ப யார அனுப்புறது?"

"நான் போறேன் சேர்."

மாற்றக் கடிதத்தை அடிக்க வேண்டியவளும் கலாராணிதான். நாலாம் நம்பர் பறந்தது. இரண்டே நிமிடம். பெயர் வந்த இடத்தில் மட்டும் அவள் விரல் நின்றது.

"தம்பி, உங்க இனிஷியல் என்னா?"

சொன்னான். மீதி வடை இன்னும் கையிலேயே இருந்தது.