காய்ச்சல் வராத உடம்பு

என் வீட்டுக்காரர் பென்னி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். நாகலூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில், பீடி நாற்றத்தோடு வந்து நின்று, "நான் எங்க புள்ள குடிச்சேன்?" என்று என்னிடமே கேட்பார். அப்போதெல்லாம் சிரித்துத் தொலைத்தேன்.

சிறுநீரகம் இரண்டும் போனபின், கழுத்தில் குழாய் வைத்துக்கொண்டு சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று சர்ச்சில் முழங்கால் போட்டு அழுதேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆபரேஷன். "குழாய்கிட்ட கிருமி அண்டினா எல்லாம் தள்ளிப்போகும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சு இவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காப்பிப் பழம் பறிக்கிற வேலை இருந்த நாள் ஒன்றில் நான் டயாலிசிஸுக்குக் கூடப் போகவில்லை. திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ் குலுக்கியதில் குழாய் இழுபட்டு ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் ஆபரேஷன் போய்விடும் என்று பயந்து, எஸ்டேட்டில் வெட்டுக்காயத்துக்கு நாங்கள் செய்கிறதையே மனிதர் செய்திருக்கிறார். நான் வறுத்து அரைத்த காப்பித்தூளை எடுத்துக் கட்டுக்குள் அப்பிவிட்டு, மேலே மப்ளரைச் சுற்றிக்கொண்டார். மார்கழிக் குளிரில் மப்ளரை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?"

"நொம்பக் குளுரு புள்ள. காய்ச்சலா அடிக்குது? தொட்டுப் பாரு."

தொட்டேன். நெற்றி ஜில்லென்று இருந்தது. கிருமி வந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் இல்லையென்றால் கிருமி இல்லை என்றுதான் எனக்குத் தெரியும். காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த டயாலிசிஸில் மெஷினை மாட்டியதும் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். நர்ஸ் கலா கட்டைப் பிரித்தாள். சீழோடு சேர்ந்து தூள் கட்டிப்போயிருந்தது.

"ஐயோ அக்கா, இது காப்பித்தூளா?"

"ஆப்ரேசன் தள்ளிப்போயிருமேன்னுதான் புள்ள..." என்றார் அவர்.

"அடப்பாவி மனுசா! தள்ளிப்போனாப் போவுது. நான் எங்கியாச்சும் ஓடியா போயிருவேன்?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

டாக்டரிடம், "காய்ச்சலே இல்லீங்களே?" என்று கேட்டேன்.

"டயாலிசிஸ் பண்றவங்கள்ல பல பேருக்குக் காய்ச்சல் வராதும்மா. உள்ளுக்குள்ள வருசக்கணக்கா அழற்சி இருந்துகிட்டே இருக்கும். கிருமியை அடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் வெறுமனே சண்டை போட்டுப் போட்டு ஓய்ஞ்சுபோயிருக்கும். நிஜமா கிருமி வரும்போது அதுக்குத் தெம்பு இருக்காது."

கிருமி ரத்தமெல்லாம் பரவி இதயத்தையும் பிடித்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் தெரியாத ஏதோ ஒரு பெண்.

"பிரிஸ்கில்லாங்களா? கிட்னி கொடுக்கிறவங்கதானே? உங்களுக்கு ஒரு டெஸ்ட் பாக்கி இருக்குது. நாளைக்கு வெறும் வயித்தோட வந்துருங்க."

"சரிங்க, வந்தர்றேனுங்க" என்றேன்.

போனை வைத்தபிறகுதான் ஓவென்று அலறினேன்.