ஒட்டிய எட்டுப் பக்கங்கள்

“புத்தகத்தை இட்லிக் கொப்பரையில வச்சு அவிச்சது யாருன்னு கேக்கேன். வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர்.”

“நாந்தான் அவிச்சேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி அதை ஒட்டினது யாருன்னு நீங்க சொல்லுங்க.”

ஐம்பத்தைந்தாம் வருஷம், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில் நூலகத்தில் வாசகர் வட்டம் கூடியிருந்தது. சத்தம் தெருமுனை வரை கேட்டதால், நாலு பேர் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் ஜன்னலோரம் நின்றார்கள்.

வட்டத்துக்கு மாதம் ஒரு நாவல். இருப்பது ஒரே பிரதி. ஆளுக்கு இரண்டு நாள் என்று வீடு வீடாகச் சுற்றி வரும். முதல் வீடு எப்போதும் தலைவர் சங்கரசுப்பிரமணியன் வீடுதான். பத்துத் தறி வைத்திருப்பவர். அவருக்கு முந்தி ஊர் வாசித்துவிடுவதா? கோமதியம்மாளின் முறை நாலாவது. பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டவள். ஏன் என்று தெரு கேட்டுப் பார்த்தது, பதில் கிடைக்கவில்லை.

அவள் கைக்கு வந்தபோது எட்டுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மோந்து பார்த்தாள். புளித்த பாவுக் கஞ்சி. நூலுக்கு விறைப்பு ஏற்றுகிற அந்தக் கஞ்சி, வட்டத்தில் ஒரே ஒருவர் வீட்டில்தான் உண்டு. கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் காட்டி, தாள் தாளாகப் பிரித்தெடுத்தாள். புத்தகம் பணியாரம் மாதிரி உப்பிப்போனது.

“பொம்பளையள் படிக்கக் கூடாதது அதுல இருக்கு” என்றார் தலைவர்.

“அப்ப நீங்க எட்டுப் பக்கத்தையும் வரி விடாம படிச்சிட்டுத்தான் ஒட்டியிருக்கிய.”

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

“மன்னிப்பு எழுதிக் குடுங்க. இல்லன்னா வட்டத்துலருந்து பேரை அடிச்சிருவேன்.”

பள்ளிக்கூடத்தை விட்டால் கோமதி வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் இதுதான். ஆனாலும் எழுந்து நின்றாள்.

“அடிச்சிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, உப்பிய புத்தகத்தைக் கையில் எடுத்து அந்த எட்டுப் பக்கங்களை உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.

தாலியறுத்த ஒருத்தி ரிஜிஸ்டர் ஆபீசில் மறுகல்யாணம் செய்துகொள்கிற இடம். ஒரு முத்தம்கூடக் கிடையாது. நோட்டீஸ் எப்போது கொடுப்பது, சாட்சி எத்தனை பேர், கையெழுத்து எங்கே என்று, ரசம் வைக்கிற பக்குவம் மாதிரி எழுதியிருந்தது.

“தாவூது, அதைப் பிடுங்கும் வே.”

நூலகர் தாவூது மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “வாசகர் வட்டத்துல வந்து வாசிக்காதியன்னு நான் எப்பிடிச் சொல்ல அண்ணாச்சி?”

பெண்கள் பெஞ்சின் கடைசியில் இருந்தவள் பேச்சித்தாய். தலைவரின் தங்கை, இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். அண்ணனோடு மாதாமாதம் வந்து, வாய் திறக்காமல் போகிறவள். அவள் கேட்டாள்:

“டீச்சர், நோட்டீஸ் எத்தனை நாளைக்கு முன்னன்னு சொன்னிய? இன்னொருக்கா வாசிங்க.”

கோமதி தலைவர் பக்கம் திரும்பாமலே இன்னொருக்கா வாசித்தாள், மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி.

பேர் அடிக்கப்பட்டது. அடுத்த மாதமும் கோமதி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தலைவர்தான் வருவதை நிறுத்திக்கொண்டார்.

தை மாதம் பேச்சித்தாய் தென்காசியில் நூல் ஏஜெண்டு உச்சிமாகாளியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அம்பாசமுத்திரம் போய்விட்டாள். அண்ணன் தறிக்கு வாரம் தவறாமல் நூல் போட்டவன்தான். தெரு அப்போதெல்லாம் கண்ணை எங்கே வைத்திருந்ததோ. தலைவர் யாரைப் போய்ப் பார்த்தாரோ, கோமதியை இளையரசனேந்தல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். போனாள். கல்யாணம் மட்டும் கடைசிவரை செய்துகொள்ளவே இல்லை.