மூக்கு வைக்காத குள்ளன்

"காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி தம்பி. அப்பிடியில்லை, ரெண்டையும் சேர்த்து."

யோசெப் மனைவி புனிதத்தின் குதிக்கால்கள் இரண்டையும் உள்ளங்கைகளில் ஏந்திப் பிடித்தார். உடம்பில் இன்னும் சூடு முற்றாக விட்டுப்போகவில்லை. பக்கத்து வளவு வீரம்மா கால்மாட்டில் குந்தியிருந்து பெருவிரல்களை ஒட்டவைத்தாள். அந்தக் கரையில் வேதக்காரர் செத்தாலும் சைவக்காரர் செத்தாலும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். விரல்களைக் கட்ட ஒரு துணித்துண்டு தேடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கைக்கு எட்டிய தூரத்தில் புனிதத்தின் பனையோலைக் கடகம் இருந்தது. அதற்குள் கிடந்த சிவப்புக் கம்பளி நூலில் ஒரு முழம் இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சிவப்பிலையே மாமி கட்டுறது?" என்றாள் மகள் நிதர்சனா, அழுகைக்கு நடுவில். "வெள்ளைத் துணி பாருங்கோவன்."

"கிடக்கட்டும் பிள்ளை" என்றார் யோசெப். "அவளின்ரை நூல்தானே."

வீரம்மா கட்டி முடித்தாள். புனிதத்தின் வீங்கிய கால்களுக்கு நடுவில் அந்தச் சிவப்பு முடிச்சு சின்னப் பூப் போல இருந்தது.

அன்று காலையில் யோசெப் கரைவலை இழுக்கப் போயிருந்தார். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மீனும் பெரிதாக இல்லை. தோளில் கயிறு அழுத்திய எரிவோடு, கறிக்கென்று கிடைத்த கொஞ்சச் சூடை மீனையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குசினி வாசலில் கதிரையைப் போட்டுப் புனிதம் சாய்ந்திருந்தாள். மடியில் முடியாத கம்பளிக் குள்ளன் பொம்மை, கையில் கொக்கி ஊசி. இரவில் படுத்தால் மூச்சு முட்டும் என்று, கொஞ்சக் காலமாக அவள் இருந்தபடிதான் நித்திரை கொள்வாள். எழுப்பக்கூடாது என்று நினைத்தார். சத்தமில்லாமல் அடுப்பை மூட்டி, தனக்குத் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே நிலத்தில் குந்தினார். பாதி குடித்திருப்பார். அவள் மடியிலிருந்த நூல்பந்து விழுந்து உருண்டது. வெள்ளைக்கோழி ஓடிவந்து அதைக் கொத்தத் தொடங்கியது.

புனிதம் "சூ" என்று சொல்லவில்லை.

நூலில் கோழி வாய் வைப்பதை அவள் ஒருநாளும் பொறுத்ததில்லை. கண்ணை மூடியிருந்தாலும் "சூ" வந்துவிடும். யோசெப் கோப்பையைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கோழி இன்னும் இரண்டு கொத்துக் கொத்தியது. பிறகுதான் எழும்பினார்.

வீரம்மா இப்போது பஞ்சு கேட்டாள். மூக்குக்கும் காதுக்கும் வைக்க வேண்டும். வீட்டில் பஞ்சுக்கா குறைவு? குள்ளர்களின் வயிற்றுக்குள் அடைக்கிற பஞ்சுப் பையை நிதர்சனா எடுத்துக் கொடுத்தாள். வீரம்மா நுள்ளி எடுத்து உருட்டி, பதமாக வைத்தாள். பிறகு அம்மாவின் கழுத்து பள்ளத்துக்குள் கிடக்கிறது என்று, மிச்சப் பஞ்சையெல்லாம் ஒரு தலையணை உறைக்குள் போட்டு நிதர்சனா தலைக்குக் கீழே வைத்தாள். பை வெறுமையானது.

யோசெப் வெளியே வந்தார். கதிரை அப்படியே கிடந்தது. அதற்குக் கீழே குள்ளன் குப்புற விழுந்திருந்தான். எடுத்து மணலைத் தட்டினார். நீண்ட சிவப்புத் தொப்பி, சாம்பல் நிறத் தாடி, குண்டு வயிறு. மூக்கு மட்டும் இல்லை. சேர்ட்டுக்குள் அவனைச் செருகிக்கொண்டார்.

இந்தக் குள்ளர்கள் கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் சோடனைக்காகக் குளிர்நாடுகளுக்குப் போகிறவர்கள். பங்குக் கோயில் சிஸ்ரர் ஒருவர்தான் முதலில் பழக்கினார். ஊரில் சில பெண்கள் சேர்ந்து செய்கிறார்கள். ஒருத்தி தொப்பி பின்னுவாள், ஒருத்தி உடம்பு, ஒருத்தி தாடி. கடைசியாக எல்லாம் புனிதத்திடம் வந்து சேரும். பஞ்சு அடைத்து, மூக்கு வைத்து முடிக்கிற வேலை அவளுடையது. கண் கிடையாது, தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கும். முகம் என்று இருப்பது அந்த மூக்குத்தான். அது கொஞ்சம் கோணினாலும் ஆள் அழுகிறவன் போல ஆகிவிடுவான்.

"ஏன் சிஸ்ரர் இவருக்குக் கண் வைக்கேல்லை?" என்று புனிதம் அந்த நாளில் கேட்டாளாம்.

"குளிருக்குத் தொப்பியை இழுத்து விட்டிருக்கிறார்."

"அப்ப என்னெண்டு வழி பாத்து நடக்கிறவர்?"

சிஸ்ரர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். புனிதமே வீட்டுக்கு வந்து சொன்னாள்: "மூக்காலை மணந்து மணந்துதான் போறவராக்கும்."

ஆவணி வெக்கையில், வேர்வை ஒழுக ஒழுக, மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு அவள் அவர்களைச் செய்வாள். யோசெப் பகிடி பண்ணுவார். "வயித்தைப் பார், எங்கடை வலை முதலாளி சம்மாட்டியார் மாதிரி. ஒரு கயிறும் இழுத்திருக்கமாட்டான்." அவள் சிரித்துக்கொண்டே, "தாடி உங்கடைதானப்பா" என்பாள்.

ஒவ்வொரு வருடமும் ஒரே கதைதான். "இந்தமுறை கடைசிக் குள்ளன் எங்கடை குடிலுக்கு. பாலனுக்குப் பக்கத்திலை வைப்பம்." ஒவ்வொரு வருடமும் கடைசிக் குள்ளனும் போய்விடுவான். எவளாவது ஒருத்தி பின்னியது கழிபட்டுப் போகும். அந்த இடத்தை நிரப்பப் புனிதத்தின் குள்ளன் போவான். பெட்டியில் ஒரு இடம் வெறுமையாக இருந்தாலும் எடுக்கிறவர்கள் அந்தப் பெட்டியையே எடுப்பதில்லை. போன வருடம் ஒருவன் அலுமாரிக்கு மேல் ஒரு இரவு இருந்தான். விடிய அவனும் இல்லை. இவ்வளவு காலமாக இந்த வீட்டில் பிறந்த குள்ளர்களில் ஒருவன்கூட இந்த வீட்டில் தங்கியதில்லை.

இவன் தங்குவான் என்று யோசெப் முடிவெடுத்தார். மூக்கில்லாவிட்டால் என்ன? அவள் கை கடைசியாகத் தொட்டது இவனை.

பின்னேரம் மருமகன் வின்சன் ரவுணிலிருந்து சவப்பெட்டியோடு வந்தான். பந்தல் கட்டினார்கள். செபமாலை தொடங்கியது. அந்தப் பெண்களுக்குள் ஜெயரூபியும் இருந்தாள். குள்ளர் வேலைக்கு அவள்தான் பொறுப்பு. முரசுமோட்டையிலிருந்து கலியாணம் கட்டி வந்த சைவக்காரி. செபம் தெரியாது. ஆனாலும் மற்றவர்களோடு முழங்காலில் நின்றாள். அவளுடைய கண் அடிக்கடி மூலையிலிருந்த கடகத்துக்குப் போய்த் திரும்பியதை யோசெப் கண்டார். கண்டும் காணாதவர் போல இருந்தார். சேர்ட்டுக்குள் கம்பளி நெஞ்சைக் கடித்தது.

விடிந்தது. அடக்கம் பின்னேரம். குள்ளர் பெட்டி ஏற்றுகிற வான் அதற்கு முன்னமே வந்துவிடும். யோசெப் குசினிக்குப் பின்னால், காயப்போட்ட வலைக்குக் கீழே குந்தியிருந்தார். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருவர் குசுகுசுத்தார்கள்.

"எப்பிடியடி நிதர்சனா நான் கேக்கிறது? பிரேதம் வீட்டுக்குள்ளை கிடக்கு." அது ஜெயரூபி.

"கேளுங்கோ அக்கா. அப்பா ஒண்டும் சொல்லமாட்டார்."

"கம்சா வயித்துப்பிள்ளையோடை இருந்து பின்னினவள். பெட்டி நிண்டுதெண்டால் அவளுக்கும் காசில்லை, ஒருத்தருக்கும் இல்லை. உன்ரை அம்மாவின்ரை மூக்கெண்டால் நான் அமத்திக்கூடப் பாக்கிறதில்லை, தெரியுமே? மற்ற எல்லாரின்ரையும் பாப்பன்."

கொஞ்ச நேரத்தில் ஜெயரூபி முன்பக்கத்தால் சுற்றி வந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி நின்றாள்.

"அண்ணை, கடகத்துக்குள்ளை பாத்தனான். எல்லாம் முடிச்சுத்தான் வச்சிருக்கிறா. ஒண்டு மட்டும் குறையுது."

"குறையும்" என்றார் யோசெப்.

தண்ணீர் எடுக்க வந்த வீரம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்தவீட்டாலை சாமான் வெளிக்கிடக் கூடாது பிள்ளை. அடக்கம் முடியட்டும். ஊசியும் தொடக்கூடாது."

"வான் நிக்காது மாமி. இண்டைக்கு விட்டால் இந்த வருசம் இல்லை. வெள்ளைக்காரருக்கு இது எந்த வீட்டாலை வந்ததெண்டு தெரியவே போகுது?"

"அவைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுமெல்லே."

ஜெயரூபி தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம் மாமி. தெரியும்" என்றாள். யோசெப்பைப் பார்க்காமலேயே, "வானைப் போகச் சொல்லட்டே அண்ணை?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. காலமை தொடக்கம் தலையில் விறகு சுமந்து வந்தவளின் குரல் போல இருந்தது.

இந்த இடத்தில் புனிதம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் யோசித்திருக்கவே மாட்டாள். அதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது. உயிரோடிருந்தும் ஒன்றை வீட்டில் வைக்கவில்லை. செத்துப்போயுமா?

"கொஞ்சம் நில்" என்றார் கடைசியில்.

புனிதத்தின் பிஸ்கட் ரின்னை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி வலைக்குக் கீழே இருந்தார். ரின்னுக்குள் அந்த மூக்கு இருந்தது. பின்னி முடித்து, பஞ்சு அடைக்காமல், கடலை உரித்த வெறும் கோதுபோலத் தட்டையாகக் கிடந்தது. ஊசியில் நூல் கோக்கவே அவருக்கு நெடுநேரம் எடுத்தது. கண் கிட்டத்தில் தெரியாது. ஆனால் கிழிந்த வலை பொத்திய கைக்கு முடிச்சு மறக்காது.

பஞ்சு இல்லை. பை வெறுமை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. உள்ளே போய்த் தலையணையைத் தொட முடியாது. அவளுடைய மூக்கில் இருக்கிற அந்த இரண்டு வெள்ளைப் புள்ளியை நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டார். உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தார். அது தடிப்பு, மூக்கு கல்லுப் போல ஆகிவிடும். சும்மா தட்டையாகத் தைத்தால் ஜெயரூபியே கழித்துவிடுவாள்.

நிமிர்ந்தார். குசினித் தாழ்வாரத்தின் கிடுகு இடுக்கில் ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. தலை வாரிய பிறகு சீப்பில் வரும் மயிரை விரலில் சுற்றி உருட்டி அங்கேதான் புனிதம் செருகுவாள். நிலத்தில் போட்டால் காற்று கொண்டுபோய்ச் சோற்றில் போடும் என்பாள். வெளியே தெரிந்த உருண்டை புதிது. நேற்று முன்தினத்ததாக இருக்கலாம். கறுப்பு குறைவு, வெள்ளைதான் கூட.

யோசெப் எட்டி அதை எடுத்தார். நல்லெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. கையில் ஒரு பாரமும் இல்லை. விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக மூக்குக்குள் அடைத்தார். மூக்கு உப்பியது. தொப்பிக்குக் கீழே, தாடிக்கு மேலே, நடுவில் வைத்தார். ஒருமுறை கோணியது, அவிழ்த்தார். இரண்டாம் முறை நேராக வந்தது. வலைக்கண்ணுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு இறுக்கினார். குள்ளனைத் திருப்பிப் பார்த்தார். அழவில்லை அவன். சிரிக்கவுமில்லை.

வீட்டுக்குள் பாட்டுப் படித்தார்கள். வெள்ளைக்கொடி கட்டிய படலைக்கு முன் வானை நிறுத்தமாட்டேன் என்று ஓட்டுநர் சந்தியிலேயே நின்றுகொண்டு கோன் அடித்தான்.

ஜெயரூபி பெட்டியைப் படலையடியில் திறந்து வைத்திருந்தாள். சிவப்புத் தொப்பிகள் வரிசையாக நெருங்கிக் கிடந்தன. மூலையில் ஒரு குழி. யோசெப் குள்ளனை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பழக்கத்தில் பெருவிரலால் மூக்கை அமத்தினாள். விட்டதும் அது மெல்ல எழும்பி வந்தது. அமத்திய இடத்தில், பின்னலுக்கு நடுவால், நரைத்த மயிர் ஒன்று நீளமாக வெளியே வந்து காற்றில் ஆடியது.

அவள் அதை இழுத்தெடுக்க நகத்தால் பிடித்தாள். பிறகு யோசெப்பின் முகத்தைப் பார்த்தாள். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயரூபி மயிரை விட்டுவிட்டாள். கொண்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, அதன் நுனியால் அந்த மயிரைத் திரும்பவும் உள்ளே தள்ளினாள். குள்ளனைக் குழிக்குள் நிமிர்த்தி வைத்தாள். மூடியை மூடி, பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சந்தியை நோக்கி நடந்தாள்.

யோசெப் திரும்பி வந்தார். பந்தலுக்குக் கீழே சனம் கூடியிருந்தது. யாரோ கதிரை போட்டார்கள்; அவர் அதில் இருக்காமல் குசினி வாசலுக்குப் போனார். புனிதத்தின் கதிரை அங்கேயே கிடந்தது. நேற்று உருண்ட நூல்பந்தும் சுவரோரத்தில் கிடந்தது. ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. வெள்ளைக்கோழி கழுத்தைச் சரித்துப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கிட்ட வந்தது. நூல் நுனியில் வாய் வைத்தது.

"சூ" என்றார் யோசெப்.