இரண்டு அங்குலக் கல்

ராம்ப் அருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. ஏற்றம் கையை வலிக்கவைக்கவில்லை, பக்கத்துக் கம்பி என் தோளுக்குச் சரியாக நின்றது. சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். வாசலில் முன்சக்கரங்கள் டங்கென்று இடித்து நின்றன. குனிந்து பார்த்தால், நிலைக்குக் கீழே இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கருங்கல். மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வேறு.

ஹெப்பகோடியில் இந்த அரசாங்க ஆபீசில் திங்கட்கிழமை நான் வேலைக்குச் சேர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில், நாலு வருஷம் காத்திருந்து கிடைத்தது. அதற்காகத்தான் இந்த ராம்ப்பே. இன்று சனிக்கிழமை, ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். படிவம் டெல்லியிலிருந்து வந்தது. நாடு முழுக்க எல்லா ஆபீசுக்கும் ஒரே படிவமாம். அதன் கடைசிக் கேள்வி: ‘யார் உதவியும் இன்றி உள்ளே செல்ல முடிகிறதா?’

சூப்பரிண்டெண்ட் மஞ்சுநாத் கன்னடம் கலந்த தமிழில் பேசியபடி பேனாவை நீட்டினார்.

“நம்ம பியூன் ரெண்டு பேர் இருக்காங்க சோனியா. தூக்கி உள்ள வெச்சிடுவாங்க, ஒந்து நிமிஷ வேலை. ஆமான்னு டிக் பண்ணிடும்மா. இல்லைன்னு போட்டா உன் ஜாயினிங்தான் தள்ளிப்போகும்.”

பள்ளிக்கூடத்தில் தூக்கினார்கள். காலேஜில் தூக்கினார்கள். பரீட்சை ஹாலுக்கு அரிசி மூட்டை மாதிரி தூக்கினார்கள். தூக்கியவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டம். எனக்கு இருபத்தொன்பது வயது. ரிட்டையர் ஆகிறவரை தினம் இரண்டு தடவை இந்த வாசலில் தூக்குவார்கள். நினைக்கவே அழுகை வந்தது. ஆனால் அந்தக் குங்குமம் என்னை விடவில்லை. அரசாங்கக் கல்லுக்கு யார் பொட்டு வைப்பார்கள் என்று கேட்டேவிட்டேன்.

“நாந்தாம்மா” என்றார் மேஸ்திரி முனிகிருஷ்ணன். ராம்ப் கட்டியவர் அவர்தான். “டெல்லி டிராயிங்ல வாசப்படியே இல்ல. மறந்துட்டான் போல. முப்பது வருஷமா வாசப்படி இல்லாம ஒரு நெலயும் நான் வெச்சதில்ல. பொம்பளப் புள்ள மொத மொத வேலைக்கு வர்ற எடம், லட்சுமி தங்க வேணாமா? என் கைக்காசுல வாங்கிப் போட்டேன்.”

அவரை என்னவென்று திட்டுவது? கோபம் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது.

“அண்ணா, என் வண்டில ஒருவாட்டி உக்காந்து உள்ள போய்ப் பாருங்க.”

பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு நான் நகர்ந்துகொண்டேன். பேன்ட்டில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார். கலவை குழைத்த கை, நல்ல பலம். ஒரே தள்ளு. டங். கொஞ்சம் பின்னால் உருட்டி மறுபடி தள்ளினார். டங். மூன்றாவது தடவை அவரை அறியாமலே வலது கால் தரைக்கு இறங்கியது.

“காலை ஊனக் கூடாதுண்ணா.”

கால் மெதுவாக மேலே போனது. குனிந்து கல்லைப் பார்த்தார்.

“அட, இவ்ளோ உசரமா இருக்கே” என்றார்.

அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. பொட்டின் மேல் படாமல் ஓரமாக உளியை வைத்துத் தட்டி, கல்லை முழுசாகப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். பள்ளத்தில் கலவையைப் போட்டு, தரைக்குச் சமமாகப் பூசினார்.

“திங்கக்கெழம காலைல காஞ்சிடும்.”

“படிவத்த இன்னிக்கே அனுப்பணும்மா” என்றார் மஞ்சுநாத். “இல்லாட்டி உன் ஜாயினிங் என்ன ஆகுமோ, கொத்தில்ல, எனக்குத் தெரியாது.”

பயமாகத்தான் இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“திங்கக்கெழம நானா உள்ள போயிட்டு எழுதித் தரேன் சார்.”

அவர் படிவத்தை மடித்தார். அனுப்பப்போகிறாரா, வைத்திருக்கப்போகிறாரா, முகத்திலிருந்து தெரியவில்லை. நான் என் நாற்காலிக்கு மாறிக்கொண்டேன்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா?” மேஸ்திரி பூச்சுக் கரண்டியைத் துடைத்தபடி நிமிர்ந்தார். “வலது காலை எடுத்து வெச்சுப் போன்னு சொல்லுவாங்க. நீ எப்படிப் போவ?”

இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. ராம்ப் மேல் வலது சக்கரத்தை மட்டும் தள்ளிப் பார்த்தேன். வலது சக்கரம் முந்திக்கொள்ள, வண்டி இடப்பக்கம் கோணிக்கொண்டு, ஈரப் பூச்சுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. மேஸ்திரி கரண்டியைக் கையில் பிடித்தபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.