பேரனின் நீல உதடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தங்கச்சிமடம் முழுவதற்கும் தெரியும். மருமகள் பாகூவுக்கு மட்டும் தெரியாது. நான் திட்டினால் புரியும் அளவுக்கு அவளுக்கு இன்னும் தமிழ் வரவில்லை. லாவோஸ் நாட்டு மலைப் பெண், மொங் இனம். அங்கே ஓட்டலில் வேலை பார்த்த என் மகன் கிளாட்சன் கட்டிக்கொண்டு வந்தான். அவளையும் கைப்பிள்ளையையும் என்னிடம் விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குப் போய்விட்டான்.

போன வாரம் அவள் அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிள்ளையை முதுகில் வைத்துக் கட்டும் துணி. அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூவேலை, இழுத்துக் கட்ட இரண்டு நீள வார்கள். மேலேயிருந்து பார்க்கும் கெட்ட ஆவிக்குப் பிள்ளை தெரியாதாம், பூதான் தெரியுமாம். கிளாட்சன் போனில் சொன்னான்.

"பச்சப்பிள்ளைக்கு எவளாச்சும் கறுப்பக் கட்டுவாளாலே?" என்றேன்.

"அது நீலம்மா" என்றான். என் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரே புழுக்கம். பாகூ பிள்ளையை அந்தத் துணியின் மேலேயே கிடத்திவிட்டுக் குளிக்கப் போனாள். மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேரனைத் தூக்கினேன். உதடு நீலம். கன்னமும் நீலம்.

கடலில் கிடந்து வந்த உடம்பைப் பார்த்தவள் நான். என் தம்பி சவேரியாரைக் கரையில் போட்டபோது அவன் உதடு இந்த நிறம்தான். ஆனால் இவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். உயிர் போகிற பிள்ளை எப்படிச் சிரிக்கும்? துணியோடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சத்தம் கேட்டு ஈரத்தலையோடு வந்த பாகூ கையை நீட்டினாள்.

"தொடாத! என்னடி பண்ணுன என் பிள்ளைய? துணியில என்னத்த வச்சு அனுப்புனா ஒங்காத்தா?"

பிள்ளையின் உதட்டையும் துணியையும் மாறி மாறிக் காட்டினேன்; நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். தெருமுனையில் ஹாஜா முகைதீன் ஆட்டோ நின்றது. பெற்றவளை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தாள். பிறகு பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். பஞ்சு நீலமானது, உதடு சிவந்தது.

"சாயம்மா. வேர்வையில கன்னத்துல ஒட்டியிருக்கு. துணி வார வாயில போட்டுச் சப்பியிருக்கான். நல்லா அலசிட்டுக் கட்டுங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்போதுதான் பாகூ வந்து சேர்ந்தாள். செருப்பில்லை, மூச்சிரைத்தது. பிள்ளையைப் பார்த்தாள். நீலப் பஞ்சைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு துணியின் வாரை எடுத்துத் தன் வாயில் வைத்துச் சப்பினாள்.

விஷமில்லை என்று எனக்குக் காட்டுகிறாள். பெற்றவள், தன் பிள்ளைக்கு விஷம் கட்டவில்லை என்று எனக்கு நிரூபிக்கிறாள். வெட்கத்தில் என் உடம்பெல்லாம் கூசியது.

"போதும் தாயி, துப்பிரு" என்றேன். அவள் துப்பவில்லை.

பேரனை அவள் முதுகில் வைத்தேன். எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கே முடிச்சுப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தப்புத் தப்பாகக் கட்டினேன். நான் கட்டி முடிக்கும்வரை அந்த வாரின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே நின்றாள்.