மலையைச் சுற்ற நாலு குச்சி

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மலையைச் சுற்றி நடக்கப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது யார்? அம்மா. காட்டுக்குள் புகுந்து, மேலே ஏறி, மறுபக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டப்பாதை அது, காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று விசாரித்து வைத்தது யார்? அதுவும் அம்மா. வேலை செய்யும் கடையில் முதலாளியிடம் பல்லைக் காட்டி, அந்தப் பாதையின் வரைபடத்தை பிரிண்ட் எடுத்து, கசங்காமல் பையில் வைத்துக் கொண்டுவந்ததும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளை, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வீட்டிலிருந்த நாலு பேரும் என்ன பாடு படுத்தினார்கள் என்று கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. போன வருடம் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "இனிமே நல்லா நடங்கம்மா. மலைகூட ஏறலாம். மூச்சு வாங்கினா நின்னு ஏறுங்க, அவ்வளவுதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பக்கத்தில் நின்ற அப்பா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். லென்ஸ் தேய்க்கும் பட்டறை இருப்பது கடையின் மேல்மாடியில். அன்றிலிருந்து அம்மா லிஃப்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை முடிந்த பிறகும் கடை கேஷியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு படியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தாள். வீட்டுக்கு வர நேரமானால் "பஸ் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். அவள் ம் என்றதும் டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

சரி, மேசைக்கு வருவோம். பெரியவன் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"பாதி வழியில இங்க ஒரு குறுக்குப் பாதை பிரியுது பாருங்க. நேரா கார் நிக்கிற இடத்துக்கே இறங்கிடும். அம்மா இதுவரைக்கும் வரட்டும். இதுக்கு மேல செங்குத்தா ஏத்தம்."

"அதான் சரி" என்றார் அப்பா.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பழகுகிறவர்கள் ஓட்டும் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே பழகியவருக்கு, வீட்டில் யார் எதற்குக் கிளம்பினாலும் கால் தானாக அந்த பிரேக்கைத் தேடும்.

"அத்தையைத் தனியா எப்படி இறங்கச் சொல்றது? கூட ஒருத்தர் திரும்பணுமே" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு உடனே, "நான் ஷூ வாங்கினதே இந்த மலைக்காகத்தான்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நான்தான் வழி காட்டணும், நான் திரும்ப முடியாது" என்றான் பெரியவன்.

"என்னை யாரும் பார்க்காதீங்க" என்றாள் சின்னவள். அம்மாவின் செல்ல மகள்.

இதெல்லாம் அம்மா ஊரில் இல்லாதபோது பேசிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இவர்களுக்குத்தான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர்களும் சுளை சுளையாக வாயில் போட்டுக்கொண்டே பேசினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"குச்சி போட்டுருவோம்" என்றார் அப்பா.

யாருக்கும் பிடிக்காத வேலை வந்தால் இந்த வீட்டில் தீக்குச்சிதான் தீர்ப்பு. அடைத்துக்கொண்ட பாத்ரூம் குழாயைக் குத்துவதா, அறுவைப் பெரியப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பதா, எதுவானாலும் குட்டைக் குச்சி எடுத்தவர் தலையில் விழும். பிள்ளைகள் சின்ன வயதில் அடித்துக்கொண்டபோது சண்டை தீர்க்க அம்மா சொல்லிக்கொடுத்த வழி அது. பெரியவன் எழுந்து போய் தீப்பெட்டியோடு வந்து, ஒரு குச்சியை மட்டும் பாதியாக உடைத்து, நாலையும் கைக்குள் மறைத்து நீட்டினான்.

மருமகள் எடுத்தாள். முழுக் குச்சி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா எடுத்தார். அதுவும் முழுசு.

"அப்பாடா!" என்றார்.

அப்பாடாவாம்! கட்டின பெண்டாட்டியோடு பாதி மலை இறங்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் மனுஷனுக்கு அப்படி ஒரு நிம்மதி! ஆரஞ்சு உரித்த அம்மாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து எடுத்த சின்னவள் கையில் குட்டைக் குச்சி.

"ச்சே! எப்பப் பாரு எனக்கே வருது!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க அஞ்சு பேர் இருக்கோம். நாலு குச்சிதானே எடுத்தே?"

"உனக்கு எதுக்கும்மா குச்சி? இதையே உனக்காகத்தானே போடறோம்" என்றான் பெரியவன்.

"ஓகோ. ஆமா, பாத்ரூம் குழாய்க்கும் நாம குச்சி குடுக்கறதில்லதான்."

யாரோ சிரிக்கப் போய், அம்மா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.

"உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்று அப்பா இழுத்தார். "நெஞ்சுல ஸ்டென்ட் வச்சுக்கிட்டு…"

"டாக்டர் ஏறலாம்னு சொன்னப்ப தலையாட்டினது யாரு? நீங்களா, உங்க சட்டையா? நான் தினம் எத்தனை தடவ மாடி ஏறி இறங்கறேன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

"நீ லேட்டா வர்றது பஸ்ஸுக்காக இல்லையா?" என்றாள் சின்னவள்.

"பஸ்ஸெல்லாம் ஒழுங்காத்தான் வருது. இந்த ஒரு நாளைக்காகத்தான் ஏறினேன், இறங்கினேன். குச்சியை எடுத்துட்டு அப்பாடாங்கறார் இவர்! ஏன், என்கூட நடந்தா கால் தேஞ்சிடுமா? 'நான் வரேன், வா'ன்னு சொல்ல இந்த வீட்டில ஒரு ஜீவன் இல்லாம போச்சே!"

அவளுக்குக் குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. அப்பா மேசை விரிப்பின் ஓரத்தை நோண்டிக்கொண்டிருந்தார்.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கோச்சுக்காதேம்மா. உன்கூட இறங்கமாட்டேன்னு நான் சொல்லலையே. இறங்கறேன். ஆனா எனக்கு அந்த உச்சிப் பாறையில ஏறி நிக்கணும், முழுசா சுத்தி வரணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. பாதியில திரும்பினா போகாத மாதிரிதானேம்மா?"

"எனக்கு மட்டும் அது போன மாதிரி ஆயிடுமாடி?"

பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிடங்கில் லீவு சாங்ஷன் செய்கிறவன் குரலில் சொன்னான்.

"சரிம்மா, விடு. நீயும் முழுசா வா. உனக்காக நாங்க கொஞ்சம் மெதுவா நடக்கறோம்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

"வரட்டுமான்னு நான் உன்னைக் கேக்கவே இல்லையேடா" என்றாள் அம்மா. வரைபடத்தை அவன் முழங்கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை நானும் என்கூட மாடி ஏறின கடை கேஷியரும் விடியக்காலையிலயே கிளம்பிடுவோம். மெதுவா நடக்கறவங்கெல்லாம் பின்னாடி வந்து சேருங்க."