அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே கார் நிறுத்துதல்

எங்கள் ஊரில் கார் நிறுத்தும் தேர்வுக்குக் கம்பம் நடுவதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு நடுவில் உள்ள இடத்தில் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்த வேண்டும். யார்மேலும் படக்கூடாது. பாதியில் வண்டி நிற்கக்கூடாது.

முன்பெல்லாம் மரக்கம்பம்தான் இருந்தது. கறையான் அரித்தது, மிச்சத்தை ஆடுகள் முதுகு சொறிந்து சாய்த்தன. பேசாமல் இருக்கிற இரண்டு பேரிடம் இந்தத் தொல்லை கிடையாது. மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் ஒரு விரற்கடை கிட்டே வர மாட்டார்கள். அவரவர் ஆட்களை அவரவரே கூட்டி வர வேண்டும் என்பது விதி. இதற்காக எங்கள் ஊரில் யாரும் ஆள் கிடைக்காமல் அலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். வரப்புத் தகராறில் பிரிந்த பங்காளிகளுக்கு நடுவே லாரியே போகும்; கனரக வாகனத் தேர்வுக்கு அவர்களுக்குத்தான் கிராக்கி. ஓரகத்திகள் என்றால் ஸ்கூட்டர் நுழையும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டுச் சரியாக ஒரு கார் நிற்கும். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவள்.

என் அப்பா குமரேசன், அம்மாவின் இட்லிக் குண்டாவைத் தன் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அது திரும்பி வந்தபோது ஒரு தட்டைக் காணோம். “ஒரு தட்டுதானே” என்றார் அப்பா. அதோடு பேச்சு நின்றது; ஆளுக்கொரு அறை, நடுவில் என் அறை என்று ஆனது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த பேச்செல்லாம் என் வாய் வழியாகத்தான் நடந்தது. “சோறு ஆறிப்போகுதுன்னு உங்கொப்பங்கிட்டச் சொல்லு.” “கரண்டு பில்லு கட்டியாச்சுன்னு உங்கொம்மாகிட்டச் சொல்லு.” இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் நான் சொன்னால்தான் அவர்கள் காதில் விழும். படித்து முடித்துக் கண் பரிசோதிக்கும் வேலைக்குப் போன பிறகும், சாயங்காலம் வீடு திரும்பினால் பகலெல்லாம் சேர்ந்த சேதிகள் எனக்காகக் காத்திருக்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. மலைக் கிராமங்களுக்கு நானே கார் ஓட்டிப் போய் எல்லோருக்கும் கண் பார்க்க வேண்டும். ஆடி முடிவதற்குள் லைசென்ஸோடு வரச் சொன்னார்கள். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை ரொம்பவும் வேண்டியிருந்தது. நான் போய்விட்டால் சோறு ஆறுவதை அப்பாவிடம் யார் சொல்வார்கள் என்ற கவலையும் கூடவே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சந்தை கூடாத நாட்களில் சந்தைப்பேட்டை மைதானத்தில் பயிற்சி. வண்டி அப்பாவுடைய பழைய மாருதி. அம்மா அதில் ஏறியே பல வருஷம் ஆகிறது. மைதானத்துக்கும் ஆட்டோவில்தான் வந்தாள். கற்றுக்கொடுத்தவள் ஸ்டெல்லா. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள்.

“அப்பாவுக்கு நேரா வண்டியக் கொண்டாந்து நிறுத்து. ரிவர்ஸப் போடு. ஸ்டியரிங்க முழுசா லெஃப்ட்ல ஒடி. உன்ற கதவு அப்பாவத் தாண்டுனதும் நேராக்கு. கண்ணாடியில அம்மா முழுசாத் தெரிஞ்சதும் ரைட்ல ஒடி. அவ்வளவுதான்” என்றாள் ஸ்டெல்லா.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவு இல்லை. நான் பின்னால் போகத் தொடங்கியதும் அப்பா கையைத் தூக்குவார். “பின்னால எத்தனை எடம் இருக்குதுன்னு உங்கொம்மாகிட்டக் கேளு.” நான் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அம்மாவிடம் கேட்பேன். “இருக்குது, வரலாம்னு சொல்லு” என்பாள். திரும்பி வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டால் வண்டி உதறி அணைந்துபோகும். ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொள்வாள். பாதியில் நின்றால் ஃபெயில்.

ஆனாலும் அந்த மைதானத்தில் எனக்கு ஒன்று கிடைத்தது. சேதி வாங்கும்போது அம்மாவின் வாயை மட்டும்தான் பார்த்துப் பழகியிருந்தேன். கண்ணாடியில் முழு அம்மாவும் தெரிந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டு, ஒரு கால் வலித்தால் மறுகாலில் மாறி நின்றாள். அப்பா கண்ணாடிக்குள் வரும்போது அவரும் அதேபோல் கால் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா கைப்பிரேக்கை இழுத்தாள்.

ஒருநாள் வண்டி குறுக்காகத் திரும்பியிருந்த நேரத்தில் அப்பா கையைத் தூக்கினார். நான் இறங்கவில்லை. கிளட்சைப் பாதி மிதித்திருந்தேன், காலை எடுத்தால் வண்டி அணைந்துவிடும். அப்பா தூக்கிய கையை இறக்கினார். பிறகு வண்டியின் கூரைக்கு மேலாகத் தலையைத் தூக்கி, “பின்னால எத்தனை எடம் இருக்குது?” என்று கேட்டார்.

“ஒரு முழம்” என்றாள் அம்மா.

மறுநாள் போனபோது அவர்களுக்கு நடுவே ஒரு முழம் குறைந்திருந்தது.

அதற்கப்புறம் தினமும் குறைந்தது. “மானம் கருக்குதே, மழை வருமாட்ட இருக்குது” என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். ஒரு சாண் போனது. “குடை வண்டியில இருக்குது, எடுத்துக்க” என்றார் அப்பா. அரை முழம் போனது. குறையக் குறைய ஸ்டெல்லா எனக்குப் புதிய வித்தைகளைக் கற்றுக்கொடுத்தாள். எந்த இடத்தில் ஒடிப்பது, எவ்வளவு நகர்ந்தபின் எதிர்ப்பக்கம் ஒடிப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்சை எப்படி விடுவது. இப்போது வண்டிக்கு முன்னால் ஒரு வாழைப்பழம் வைக்கலாம், பின்னால் இன்னொன்று. அதற்கு மேல் இடமில்லை.

“இது சரிப்பட்டு வராது வாணி” என்றாள் ஸ்டெல்லா. “இப்படியே போனா டெஸ்ட்டு அன்னிக்கு சைக்கிள்கூட நிக்காது. வீட்டுல அந்த இட்லித் தட்டுப் பேச்சை ஒருக்கா எடுத்து உடு. ஒரே நாள்ல பழைய எடம் கெடச்சிரும்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். வாய் வரை வந்துவிட்டது. அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு, “உப்புச் சேரலை புள்ள” என்றார் அம்மாவிடம். அம்மா உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. என் இடத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் சுருக்கென்றது. அதே நேரம் நெஞ்செல்லாம் குளிர்ந்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

தேர்வு நாள் வந்தது. அப்பாவும் அம்மாவும் நேரத்துக்கு முன்பே போய்த் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்ன எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அவர்களைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நடுவில் ஸ்கேலை விட்டுப் பார்த்தார். ஸ்கேல் போகவில்லை.

“எடமே இல்லையேம்மா” என்றார் என்னிடம். “வேற யாராச்சும் இருக்காங்களா? நீங்க பேசாத ஆளு ஒருத்தர் இருந்தாலும் போதும். நீங்க ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம் நில்லுங்க. அந்த எடத்துக்குக் கோடு போட்டுட்டு, அப்புறம் நீங்க வண்டிய எடுங்க.”

எனக்கு அப்படி யாரும் இல்லை. மற்றவர்கள் சண்டையைச் சுமந்து திரிந்ததில் சொந்தமாகச் சண்டை போட எனக்கு நேரமே வாய்க்கவில்லை. ஆடி முடிய இன்னும் சில நாட்கள்தான் மிச்சம். என் முகத்தைப் பார்த்த அம்மா பேச்சை நிறுத்தினாள்.

“ஏனுங்க சார்” என்றார் அப்பா. “டெஸ்ட்டு முடியற வரைக்கும் நாங்க பேசாம இருந்துக்கட்டுங்களா? எங்களுக்குப் பழக்கந்தானுங்க.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பேச்சுவார்த்தை எத்தனை நாளாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. “இருங்க” என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். “பாத்து நில்லுங்க” என்று அம்மா கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இடைவெளி விலகிக்கொண்டே போய், ஒரு கார் நிற்கும் அளவுக்கு வந்து நின்றது.

நான் அப்பாவுக்கு நேராக வண்டியை நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன். முழுசாக லெஃப்டில் ஒடித்தேன். எத்தனையோ வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கு இந்தக் கொஞ்ச நேரம் தாங்கவில்லை. அப்பா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். கண்ணாடியில் அம்மா முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் காலருகில் ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். சொல்ல முடியாமல் அவள் கண் கலங்கியது. இடைவெளி ஒரு சாண் சுருங்கியது.

நான் நேராக்கினேன். இன்னொரு சாண் போனது. எனக்காகத்தான் இரண்டு பேரும் இப்படித் தவிக்கிறார்கள் என்று நினைத்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ரைட்டில் ஒடித்தேன். முன்னால் ஒரு வாழைப்பழம், பின்னால் ஒரு வாழைப்பழம் அளவு மிச்சமிருந்தபோது வண்டி இருவருக்கும் நடுவே சரியாக வந்து நின்றது. கைப்பிரேக்கை இழுத்தேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். “படலை” என்றார். “வெளிய எடுத்துக்கங்க.”

வெளியே எடுப்பதும் தேர்வில் சேர்ந்தது. எடுத்தேன். வண்டியின் வால் வெளியே வந்ததுமே பின்னால் இடம் சாத்திக்கொண்டது. “எறும்புங்க, எறும்பு! காலை எடுங்க” என்ற அம்மாவின் குரல் கேட்டது. ஓரத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்குள் அடங்கியிருந்தார்கள்.

லைசென்ஸ் தபாலில் வரும், ரசீதை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் ஓட்ட, ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார, அம்மா அப்பாவோடு பின்சீட்டில் ஏறினாள். வழியெல்லாம் பேசினார்கள். யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டெல்லா தன் தெருமுனையில் இறங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வீடு ஒரு அறை குறைந்திருந்தது. அப்பாவின் அறைச் சுவரும் அம்மாவின் அறைச் சுவரும் ஒன்றாகச் சேர்ந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. நடுவில் இருந்த என் அறையின் கட்டில், பீரோ, சீப்பு, தலையணை எல்லாம் வாசல் கேட்டுக்கு வெளியே வரிசையாக, தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தன.

“கட்டில மேல கட்டீரலாமுங்களா, பின்னால வெக்கலாமுங்களா?” என்று அம்மா கேட்டாள். அப்பாவைத்தான் கேட்டாள்.

“மேலயே கட்டீரலாம். மலை ரோடு, கெட்டியாக் கட்டோணும்” என்று அப்பா கயிறு தேடிப் போனார்.

நான் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகக் கட்டிலுக்குக் கிட்டே கொண்டுவந்தேன்.